கோடியக்கரை மான்கள்: கேள்வி பதில்

கேள்வி (வேதாரண்யம்): காடு பச்சைப்பசேல் என்றுதான் இருக்கிறது. வெளிமானுக்கு ஆபத்து என்கிறார்களே, ஏன்?

பதில்: அந்தப் பச்சையில்தான் வினையே இருக்கிறது. வெளிமான் ஒளிந்து பிழைக்கிற விலங்கு அல்ல. தூரத்திலேயே பகையைக் கண்டு ஓடும். அதற்குக் குட்டைப் புல்தரை வேண்டும். 1967-இல் சரணாலயம் அறிவித்ததே வெளிமானுக்காகத்தான். அந்தப் புல்தரையில் இன்று சீமைக்கருவேல் ஏறிவிட்டது. புதர் நெருங்கினால் புல் மெலியும், பார்வை மறையும், நாய் பதுங்க இடம் கிடைக்கும். புள்ளிமானுக்கோ ஓரப் புதர் வசதி: பகலில் நிழல், அந்தியில் மேய்ச்சல். இரண்டையும் சேர்த்து ‘மான்’ என்று எண்ணினால் இந்த வித்தியாசம் கணக்கிலேயே வராது.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): சீமைக்கருவேலை வெட்ட வெட்டத் தழைக்கிறதே, ஐயா?

பதில்: தரையோடு வெட்டினால் தழைக்கத்தான் செய்யும். துளிர்க்கிற மொட்டெல்லாம் மண்ணுக்குச் சற்றுக் கீழே, வேர்க்கழுத்தில் இருக்கிறது. சுற்றிலும் தோண்டி, முக்கால் முதல் ஒரு முழ ஆழத்தில் வேரை அறுத்துக் கட்டையோடு எடுங்கள். காய் பழுப்பதற்குள் முடித்துவிட வேண்டும். பழுத்த காயை மாடு, மட்டக்குதிரை, ஏன் வெளிமானே தின்னும். வயிற்றுக்குள் போய்ச் சாணத்தோடு விழுந்த விதை இன்னும் நன்றாக முளைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கிளம்பும் கன்றுகளைத் தை மாதம் ஈரம் காய்வதற்குள் கையாலேயே பிடுங்கலாம். விட்டுவிட்டால் பிறகு கடப்பாரைதான். விதை பல வருஷம் மண்ணில் உயிரோடு கிடக்கும், அதனால் ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. ஜேசிபியால் மொத்தமாகப் புரட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புல்லின் வேரும் போய்விடும், கலைந்த மண்ணில் முதலில் எழுவதும் கருவேல்தான். இதெல்லாம் உங்கள் பட்டா நிலத்துக்கு. சரணாலயத்துக்குள் வனத்துறைதான் கை வைக்கலாம்.

கேள்வி (கோடியக்காடு): கோடையில் தண்ணீர்த் தொட்டி எங்கே வைப்பது?

பதில்: புதர் ஓரத்தில் வேண்டாம், நாய் அங்கேதான் காத்திருக்கும். நாலாபுறமும் பார்வை எட்டுகிற வெளியில், ரோட்டை விட்டுத் தள்ளி, வனத்துறை காட்டுகிற இடத்தில் அமையட்டும். ஒரு பக்கமாவது சரிவு இருக்க வேண்டும். செங்குத்தான சுவர் வைத்தால் குட்டி விழுந்து ஏற முடியாமல் செத்துப்போகும். நீர் வற்ற வற்ற உப்பு அடியில் தங்கும். மேலே நிரப்பிக்கொண்டே போகாமல், அடிக்கடி காலிசெய்து கழுவுங்கள்.

கேள்வி (தலைஞாயிறு): உளுந்து வயலில் மான் புகாமல் இருக்கப் பழைய மீன் வலை கட்டலாமா?

பதில்: கூடாது. தொய்ந்த வலையில் கொம்பு சிக்கினால் மான் திமிறித் திமிறியே உயிரை விடும். வேலி விறைப்பாக இருக்கட்டும், வெள்ளைத் துணிப் பட்டை கட்டி இருட்டிலும் தெரியச் செய்யுங்கள். மின்சாரம் பாய்ச்சினால் சட்டப்படி குற்றம், மனிதனும் சாவான்.

கேள்வி (மன்னார்குடி): முத்துப்பேட்டைக் காட்டோடு ஒரு வழி இணைத்தால் தீருமா?

பதில்: புல்தரை தேடும் வெளிமானுக்கு அலையாத்திக் காட்டில் என்ன இருக்கிறது? சேறும் உப்புநீரும்தான். கிழக்கிலும் தெற்கிலும் கடல், மற்றப் பக்கம் உப்பளமும் சதுப்பும். இதற்குள்தான் பிழைக்க வேண்டும். ஆகவே உள்வழியைக் காப்பாற்றுங்கள். மழைநீர் தேங்கும்போது தாழ்ந்த புல்தரையை விட்டு மணல்மேட்டுக்கு ஏற வழி வேண்டும். நடுவே கருவேல் அடைத்தாலோ வேலி போட்டாலோ ஏற முடியாது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இந்தக் கரையில் அடித்தபோது மான்களும் மட்டக்குதிரைகளும் மடிந்தன. அடுத்த ஐப்பசிக்கு முன் அந்த மேட்டுப் பாதைகளைத்தான் முதலில் துப்புரவாக்க வேண்டும். தொட்டியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.