வீட்டில் நிம்மதி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்மையிலேயே பாதுகாப்பு தருமா?

வீட்டுச் சூழல் மோசமாக இருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி என்னதான் செய்துவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் போலத் தெரிகிறது. வகுப்பில் ஏதோ ஒரு பிள்ளையின் முகம் உங்களை உறுத்திக்கொண்டிருக்கலாம். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

ஆலோசகர், புகார்ப் பெட்டி, உதவித்தொகை, உதவி எண் எல்லாம் வேண்டும்தான். நான் அவற்றுக்கு எதிரி இல்லை. ஆனால் நீங்கள் கேட்கிற அந்தப் பிள்ளையாக எட்டாம் வகுப்பில் நான் இருந்திருக்கிறேன். புகார்ப் பெட்டியில் சீட்டுப் போடும் தைரியம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

கடைசி மணி எப்போது அடிக்கும் என்று மற்ற பையன்கள் காத்திருப்பார்கள். எனக்கோ அந்த மணி அடித்தால் வயிற்றைக் கலக்கும். அப்பா குடித்துவிட்டு வீட்டில் இருப்பாரா, வெளியே போயிருப்பாரா என்று கணக்குப் போட்டபடி வாசலிலேயே நிற்பேன். 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடி, உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தபோது, பாடம் போச்சே என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். எனக்கு அப்படி வாசலில் நிற்கும் பிள்ளைகள்தான் ஞாபகம் வந்தார்கள். அவர்களுக்கு நிற்க வாசல்கூட இல்லையே.

அப்படி நின்ற ஒரு நாள் நூலக டீச்சர் கூப்பிட்டார். "தம்பி, திரும்பி வந்த புத்தகத்தையெல்லாம் அடுக்கி வைக்கிறியா? எனக்குக் குனிய முடியல." அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் ஆறு மணி வரை எனக்கு வேலை இருந்தது. ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று அவர் கேட்டதே இல்லை. நூலகத்தை அவ்வளவு நேரம் திறந்து வைக்கத் தலைமையாசிரியரிடம் தனியாக அனுமதி வாங்கியிருக்கிறார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒருத்தர் அனுபவத்தை வைத்துப் பொதுவாகப் பேசக்கூடாது என்று யாராவது சொல்லுவீர்கள். சரி. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த கிட்டத்தட்ட 700 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரது குழுவும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி என்று பல சிக்கல்களோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. குடும்பத்திலோ வெளியிலோ நம்பிக்கையான ஒரு பெரியவர் இருந்தது அவற்றில் முக்கியமானது. அந்தப் பெரியவர் சிலருக்கு ஆசிரியராக இருந்தார். மற்ற இரண்டு பங்குப் பிள்ளைகளையும் நான் மறக்கவில்லை.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. என் மகளின் பள்ளிக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் வந்தார். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, பெற்றோரின் தியாகத்தை நினைக்கவைத்து, தேம்பித் தேம்பி அழவைத்து, வீட்டுக்குப் போனதும் மன்னிப்புக் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தார். அழுத முகங்களைப் படம் பிடித்துப் பெற்றோர் குழுவில் வேறு போட்டார்கள். முந்தின ராத்திரி அடி வாங்கிய பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருந்தால் எதற்காக மன்னிப்புக் கேட்கும்? பள்ளியில் போய்ச் சொன்னேன். "நிகழ்ச்சி நல்லா போச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க சார்" என்றார்கள்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். ஒரு நாள் என் கையில் இருந்த தழும்பை டீச்சர் பார்த்துவிட்டார். "என்னப்பா ஆச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். விழுந்துட்டேன் என்றேன். துருவவில்லை. "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கையும் கொடுக்கவில்லை. அந்த வாக்கை நீங்களும் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி, உரியவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் அதைத்தான் செய்தார். மறுநாள் தலைமையாசிரியர் அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவை வரவழைத்துப் பேசினார். அந்த வாரமே நானும் அம்மாவும் மாமா வீட்டுக்குப் போய்விட்டோம்.

அதற்காக நன்றியோடு இருந்தேன் என்று நினைக்காதீர்கள். காட்டிக்கொடுத்துவிட்டார் என்று அப்படி ஒரு கோபம். ஒரு மாதம் நூலகப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு நாள் வேறு போக்கிடம் இல்லாமல் போய் எட்டிப் பார்த்தேன். திரும்பி வந்த புத்தகங்கள் மேசையில் மலை மாதிரிக் கிடந்தன. டீச்சர் தலையை நிமிர்த்தாமலே, "எவ்வளவு சேர்ந்துபோச்சு பாரு" என்றார்.