மழைக்கு முன் அளவெடுங்கள்: நீர்வடிப்பகுதி நிதி பற்றிய கேள்வி பதில்

வரப்பு, கசிவுநீர்க் குட்டை, தடுப்பணை என்று மண்ணையும் நீரையும் காக்க ஊருக்கு வரும் மானியப் பணத்துக்குக் கணக்கு எழுதுவதில் தொடங்கியது என் வேலை. இப்போது நீர்வடிப்பகுதிக் குழுக்களுக்குக் கணக்குப் பயிற்சி கொடுக்கிறேன் (பெய்யும் மழை ஒரே ஓடையில் வடியும் நிலப்பரப்பைத்தான் நீர்வடிப்பகுதி என்கிறோம்). கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு மாவட்டத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருவண்ணாமலை, குழுச் செயலாளர்: அக்கா, எங்கள் குழுவிடம் ரசீது, கூலிப் பட்டியல், புகைப்படம் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் தணிக்கையாளர், வரப்பின் அளவு குறைகிறது என்று எழுதிவிட்டார். வடகிழக்குப் பருவமழையில் மண் அமர்ந்துவிட்டது, அவ்வளவுதான். என்ன செய்வது?

தம்பி, ரசீது பணம் போனதைத்தான் சொல்லும். அதற்கு ஈடாக எவ்வளவு மண்வேலை நடந்தது என்பதை அளவுப் புத்தகம்தான் சொல்ல வேண்டும். ஒரு வரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடி அகலம் 1.5 மீட்டர், மேல் அகலம் 0.3, உயரம் 0.6. இரண்டு அகலங்களின் சராசரி 0.9, அதை உயரத்தால் பெருக்கினால் 0.54 சதுர மீட்டர். நூறு மீட்டர் நீளத்துக்கு 54 கன மீட்டர் மண். மழைக்குப் பிறகு உயரம் 0.45 ஆக இறங்கியிருந்தால் கணக்கு 40.5 கன மீட்டர்தான் வரும். யாரும் ஒரு காசு தொடவில்லை, ஆனால் புத்தகத்தில் கால்பங்கு மண்ணைக் காணோம்!

அதனால்தான் வரப்பை மட்டும் அளக்காதீர்கள், மண் எடுத்த குழியையும் அளந்து எழுதுங்கள் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறேன். போட்ட மண் அமரும்; வெட்டிய குழி அமராது. குழியின் நடுவில் தோண்டாத மண்திட்டு ஒன்றை விட்டுவைத்தால் பழைய தரைமட்டம் எங்கே இருந்தது என்பதில் வாக்குவாதமே வராது. பொறியாளர் சரிபார்ப்பு அளவு எடுக்கும்வரை அந்தத் திட்டில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. புகைப்படம் எடுக்கும்போது பம்புசெட் அறையோ பனைமரமோ, நகராத ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும். வேலைக்கு முன், வேலையின்போது, முடிந்த பின் என மூன்றையும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். வெறும் மண்ணை மட்டும் காட்டும் படம் எந்த மாவட்டத்து மண்ணாகவும் இருக்கலாம்.

இப்போது உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். குழிகள் தூர்ந்துபோகவில்லை என்றால், படிந்த வண்டலை ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தால் பழைய அடித்தளம் தெரியும். நிலத்துக்காரர்களை வைத்துக்கொண்டு பொறியாளரை மறு அளவு எடுக்கச் சொல்லுங்கள். அந்த மாதங்களின் மழையளவு விவரத்தையும் குழுத் தீர்மானத்தையும் இணைத்துத் தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எழுதுங்கள். பழைய தேதி போட்டுப் புது அளவுப் புத்தகம் எழுதிவிடலாம் என்று எவராவது யோசனை சொன்னால், தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கிருஷ்ணகிரி, குழு உறுப்பினர்: மார்ச் கடைசி வாரத்தில் பணம் ஒதுக்கினார்கள். 31ஆம் தேதிக்குள் செலவு காட்டச் சொல்கிறார்கள். பொக்லைன் உரிமையாளருக்கு முன்பணமாகக் கொடுத்துச் செலவு எழுதிவிடலாமா?

எழுதக் கூடாது. முன்பணம் செலவாகாது, வேலை நடந்து அளவுப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் அது செலவு. அதுவரை அது அவரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டிய தொகை. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே, நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவழிப்பதை நிதி ஒழுங்கு மீறல் என்கின்றன (விதி 62). மானியம் பெற்ற அமைப்பு, பணத்தை உரிய வேலைக்கே செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுக்க, நிதியாண்டு முடிந்த பிறகும் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. சான்றிதழ்ப் படிவம் 12-ஏ-வில் செலவாகாத மீதியைக் காட்டத் தனி இடமே உண்டு. அந்தக் கட்டத்தில் உண்மையான தொகையை எழுதுவது குற்றமல்ல. மீதி இருந்தால் அடுத்த தவணை தாமதமாகலாம், உண்மைதான். பொய்ச் செலவு எழுதி மாட்டிக்கொண்டால் தவணையே வராது.

வேடிக்கை என்னவென்றால், மார்ச்சில் வரும் பணம் கணக்குக்குத்தான் கெட்ட நேரத்தில் வருகிறது. வேலைக்கு நல்ல நேரம்தான். அறுவடை முடிந்து நிலம் காலியாக இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வரப்பு போட ஆள் இறங்க முடியும். மதிப்பீடு, குழுத் தீர்மானம், நிலத்துக்காரரின் ஒப்புதல் மூன்றையும் ஜனவரியிலேயே தயாராக வைத்திருக்கும் குழுவுக்கு இந்த மார்ச் பதற்றம் வருவதில்லை.

சிவகங்கை, விவசாயி: அம்மா, என் நிலத்தில் வரப்பு போட்டதற்கு என் பங்காக 5 சதவீதம் வாங்கினார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது?

2009-10இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதித் திட்டத்தின் பொது வழிகாட்டு நெறிமுறைப்படி, தனியார் நிலத்தில் செய்யும் மண், நீர்ப் பாதுகாப்பு வேலைக்கு நிலத்துக்காரர் குறைந்தது 10 சதவீதம் தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, சிறு, குறு விவசாயிகளுக்கு 5. பணமாகவோ உழைப்பாகவோ தரலாம். அது நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி என்ற தனி வங்கிக் கணக்குக்குப் போகும். திட்டம் முடிந்த பின் தடுப்பணை, குட்டை போன்ற பொதுச் சொத்துகளைப் பழுதுபார்க்க அந்த நிதி. உங்கள் சொந்த வரப்பு உடைந்தால் அதில் கேட்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் இந்தப் பங்கை நிலத்துக்காரரிடம் வாங்குவதில்லை. வேலைக்கு வந்த கூலிக்காரர்களின் சம்பளத்தில் பிடித்துவிட்டு ‘உழைப்புப் பங்களிப்பு’ என்று எழுதிக்கொள்கிறார்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பெண், அடுத்தவர் நிலத்து வரப்புக்கு நன்கொடை கொடுத்தவளாகிவிடுகிறாள்! இதை நான் முறைகேடு என்றுதான் சொல்வேன். உழைப்பாகத் தருவதென்றால் நிலத்துக்காரர் வீட்டு ஆள்கள் வேலை செய்ய வேண்டும். அதன் மதிப்பைத் திட்டக் கணக்கிலிருந்து நிதிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். உங்கள் ஊர்க் கூலிப் பட்டியலையும் நிதிக் கணக்கின் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரிந்துவிடும்.

இன்னொன்று, திட்டம் முடிந்த பின் இந்தப் பணம் ஆண்டுக்கணக்கில் வங்கியில் தூங்குவது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் இறந்துபோயிருப்பார், இன்னொருவர் திருப்பூருக்குப் போயிருப்பார். திட்டம் மூடும் முன்பே, கையெழுத்தாளர் மாறினால் யார் என்பதைத் தீர்மானமாக எழுதி வங்கிக்குக் கொடுத்துவிடுங்கள்.

தர்மபுரி, ஊராட்சி உறுப்பினர்: வரும் பணத்தில் முதலில் ஓடையில் பெரிய தடுப்பணை கட்டிவிடலாம் என்கிறார் தலைவர். மேட்டுக்காட்டில் கல் வரப்பும் அகழியும் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

தலைவருக்குத் திறப்பு விழாக் கல்வெட்டு வேண்டும். அகழிக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? ஆனால் கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன 2009-10 திட்டத்தில் சமவெளிக்கு எக்டேருக்கு 12,000 ரூபாய், அதில் நீர்வடிப்பகுதி வேலைகளுக்கு 56 சதவீதம். 500 எக்டேர் கொண்ட சிறு நீர்வடிப்பகுதிக்கு மொத்தம் 60 லட்சம், வேலைக்கு 33.6 லட்சம், எக்டேருக்கு 6,720தான். 2021-22இல் வந்த அடுத்த கட்டத்தில் எக்டேருக்கான தொகை 22,000 ஆக உயர்ந்தது, ஆனாலும் ஒரு பெரிய கட்டுமானம் மேட்டுநிலத்தின் பங்கை விழுங்கிவிடும் என்பது மாறவில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்ற வரிசை வெறும் சம்பிரதாயமா? மேலே மண்ணைப் பிடிக்காமல் கீழே அணை கட்டினால், மேட்டுக்காட்டு மண்தான் அணையை நிரப்பும். பிறகு தூர் வாரவும் நிதி தேட வேண்டும்.

புதுக்கோட்டை, தொண்டு நிறுவனக் கணக்கர்: வெளிநாட்டு நன்கொடையில் ஏரிக்கரை பலப்படுத்துகிறோம். பணத்தை ஊர்க் குழுவின் கணக்கில் போட்டு அவர்களையே செலவழிக்கச் சொல்லலாமா?

முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், பெற்ற பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றக் கூடாது என்கிறது. கூலி, கல், வாடகை எல்லாவற்றையும் நீங்களே நேரடியாகக் கொடுங்கள். எங்கே, என்ன வேலை என்பதைக் குழு முடிவு செய்யட்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே திருத்தத்தில் வந்தது.

அதே கணக்கர்: ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதி கிடைத்தால்?

கிடைக்கும். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மண், நீர் பாதுகாப்பும் இருக்கிறது. செயல்படுத்தும் அமைப்பு 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். பதிவில்லாத ஊர்க் குழுவால் நேரடியாக வாங்க முடியாது.

தென்காசி, வட்டார ஒருங்கிணைப்பாளர்: ஒரே பண்ணைக்குட்டைக்கு இரண்டு திட்டங்களின் நிதியைச் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம், இரண்டு முறை காட்டத்தான் கூடாது. குழி வெட்டியது ஒரு திட்டம், கரையில் கல் பதித்தது இன்னொன்று என்று வேலையைப் பிரித்து, இரண்டு மதிப்பீடுகளிலும் சர்வே எண்ணையும் மற்றத் திட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். குட்டையருகே நிற்கும் தகவல் பலகையிலும் இரண்டு பெயரும் இருக்கட்டும். ஒரே குட்டையை இரு முனைகளிலிருந்து படம் எடுத்து இரண்டு கோப்புகளில் வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது படத்தோடு அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாவதால் அந்த வித்தை எடுபடாது.

மதுரை, பயிற்சிக்கு வந்தவர்: மானியக் கணக்கில் சேர்ந்த வட்டி எங்களுடையதா?

இல்லை. மத்திய மானியமென்றால், கணக்கு முடித்ததும் திருப்பிச் செலுத்த வேண்டும்.

இராமநாதபுரம், மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்: அக்கா, நீர்வடிப்பகுதிக் குழுவின் கணக்கில் நானும் ஒரு கையெழுத்து. செயலாளர் வெற்றுக் காசோலைகளில் மொத்தமாகக் கையெழுத்து வாங்குகிறார். மறுத்தால் ‘எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா’ என்கிறார்.

மறுங்கள். குழுவில் பாதி இடத்தைச் சுய உதவிக் குழுக்கள், பயனாளிக் குழுக்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், நிலமற்றவர்கள் ஆகியோருக்குத் திட்டத்தின் பொது வழிகாட்டு நெறிமுறை கொடுத்தது, அவர் எழுதுவதில் நீங்கள் கையெழுத்து மட்டும் போடுவதற்கல்ல. நாளை கேள்வி வந்தால் உங்களையும் கேட்பார்கள். ‘படிக்காமல் போட்டேன்’ என்பது பதிலாகாது. பெயர், தொகை, தேதி எழுதிய காசோலை, அடிக்கட்டையில் தீர்மான எண், பக்கத்தில் பில். இந்த மூன்றும் இருந்தால்தான் பேனா எடுப்பேன் என்று கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள், தனியாகச் சொன்னால் சண்டையாகிவிடும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட தாள்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, பயன்படுத்தாதவற்றை ரத்து செய்யும்படி வங்கிக்கு எழுதிக்கொடுங்கள். கணக்கோடு உங்கள் கைபேசி எண்ணையும் இணைக்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். பணம் எடுத்தால் உங்களுக்கும் குறுஞ்செய்தி வரும்.