ரியாக்‌ஷன் வீல் பழுதானால் விண்கலத்தின் கதை முடிந்ததா?

தர்மபுரியில் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர், புராஜெக்ட்டுக்காக இதைக் கேட்டிருக்கிறார். நான் விண்வெளி ஆள் இல்லை, ஓசூர் சிப்காட்டில் ஸ்பிண்டில் (இயந்திரத்தில் சுழலும் தண்டு) பராமரிப்பு பார்ப்பவன். ஆனால் ரியாக்‌ஷன் வீல் எனும், விண்கலத்தைத் திருப்ப உள்ளே சுழலும் இந்தச் சக்கரங்களைப் பெரும்பாலும் படுக்க வைப்பது பேரிங்தான், அதுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

சக்கரத்தை மோட்டார் ஒரு பக்கம் வேகமாகச் சுழற்றினால் கலம் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திரும்பும். மூன்று அச்சுக்கு மூன்று சக்கரம் போதும். நான்காவது ஒன்று சேர்த்து எல்லாவற்றையும் சாய்வாக வைத்துவிட்டால், எது போனாலும் மிச்சம் மூன்றும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

எது பழுது என்று தெரிய வேண்டுமே? இங்கே ஸ்குரூடிரைவர் முனையை ஹவுசிங்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் கரகரப்பு கேட்டுவிடும். அங்கே காது வைக்க ஆள் இல்லை. அதே வேகத்துக்கு மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கிறதா, கேட்ட டார்க்குக்கு (திருப்பு விசைக்கு) ஏற்ற திருப்பத்தை ஜைரோ (கலம் திரும்புவதை அளக்கும் கருவி) காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியில் 2012 ஜூலையில் ஒரு சக்கரம் போனது. 2013 ஜனவரியில் இன்னொன்றில் உராய்வு ஏறவே, மிச்சமிருந்தவற்றைப் பத்து நாள் சும்மா நிறுத்திவைத்தார்கள், உள்ளே எண்ணெய் திரும்பப் பரவட்டும் என்று (எங்கள் ஃபிட்டர்கள் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் வேறு என்னதான் செய்ய முடியும்). மே மாதம் அதுவும் போச்சு. இரண்டு சக்கரத்தை வைத்து மூன்று அச்சைப் பிடிக்க முடியாது, அதனால் சோலார் பேனலின் இரு பக்கமும் வெயில் சமமாக விழும்படி கலத்தைத் திருப்பி, சூரிய ஒளியின் அழுத்தத்தாலேயே மூன்றாவது அச்சைச் சமன் செய்தார்கள். லேசாக உருள ஆரம்பித்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை த்ரஸ்டர் (வாயுவைப் பீச்சித் தள்ளும் சின்ன எஞ்சின்) தட்டிவிடும். சூரியன் இடம் மாற மாறச் சுமார் 80 நாளுக்கு ஒருமுறை பார்க்கும் வானத்தையே மாற்ற வேண்டியிருந்தது, இருந்தாலும் 2018 அக்டோபரில் எரிபொருள் தீரும் வரை ஓடியது.

ஜப்பானின் ஹயபுசா விண்கலத்தின் கதை இன்னும் மோசம். மூன்று சக்கரத்தில் இரண்டு 2005-இலேயே போய், அப்புறம் த்ரஸ்டர் எரிபொருளும் கசிந்தது. அயான் எஞ்சினுக்கான (மின்னேற்றிய வாயுவால் கலத்தைத் தள்ளும் எஞ்சின்) செனான் வாயுவை அப்படியே பீச்சித் திருப்பினார்கள், 2010 ஜூனில் பூமிக்கு வந்து சேர்ந்தது.

உங்கள் சிமுலேஷனில் சக்கரத்தைச் சட்டென்று பூஜ்யமாக்கிவிடாதீர்கள் தம்பி, அது சுலபமான கேஸ். உராய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், நடுவில் ஒருமுறை குறைந்து மறுபடி ஏறட்டும், சக்கரத்தின் உச்ச வேகத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள்.