மென்பொருள் குழுவில் எல்லா டிக்கெட்டும் (செய்ய வேண்டிய வேலைக்கான குறிப்பு) 'ஹை பிரயாரிட்டி' என்றால் எதை முதலில் எடுப்பது? வேலை எப்படிப் போனது என்று குழு திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் பேசியது ஏன் நடப்பதே இல்லை?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. எந்த வேலை முதலில் என்று முடிவு செய்யும் உங்கள் ப்ராடக்ட் ஓனரிடமும் நாலு பேர் தனித்தனியாக வந்து "இதை மட்டும் முதல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பேக்லாகில் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) 43 டிக்கெட் இருந்தன. அதில் 31 பி-1, அதாவது முதல் முன்னுரிமை. போதாதென்று ஒருவர் அதற்கும் மேலே பி-0 என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரே வாரத்தில் அதிலும் ஒன்பது சேர்ந்துவிட்டது.

ஸ்க்ரம் என்ற குழுவேலை முறையின் கையேடான ஸ்க்ரம் கைடு 2011-லேயே பேக்லாகுக்கு 'முன்னுரிமை' என்ற பேச்சை விட்டுவிட்டு 'வரிசை' என்று மாற்றிவிட்டது. லேபிளை எத்தனை டிக்கெட்டில் வேண்டுமானாலும் ஒட்டலாம், வரிசையில் முதலிடம் ஒன்றுதானே? அதனால் லேபிளையே தூக்கினோம். ப்ராடக்ட் ஓனரிடம் இரண்டிரண்டு டிக்கெட்டாகக் காட்டி, "இதில் ஒன்றுதான் முடியும், எது?" என்று கேட்டோம். முதல் ஜோடிக்கே இருபது நிமிடம். பத்தாவது ஜோடி வருவதற்குள் அவரே நாலைந்தை "இது வேண்டவே வேண்டாம்" என்று அழித்துவிட்டார்.

நான் சான்றிதழ் வாங்கிய ஸ்க்ரம் மாஸ்டர் (இந்த முறையில் குழுவுக்கு வழிகாட்டுபவர்) இல்லை. பெரிய குழுவுக்கு இது சரிவராது என்பவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

ரெட்ரோ கதை வேறு. மூன்று ஸ்பிரிண்டாக (குறுகிய வேலைச் சுற்று) ஒரே சீட்டு: 'டெஸ்ட் காரணமில்லாமல் ஃபெயில் ஆகிறது'. எல்லோரும் தலையாட்டுவோம். மறுநாள் பில்ட் சிவப்பானால், அதாவது டெஸ்ட் ஃபெயில் ஆனால், "திரும்ப ரன் பண்ணு, பாஸ் ஆயிடும்". கடைசியில் அதையும் டிக்கெட்டாக்கி, ஸ்பிரிண்டில் இரண்டாவது இடத்தில் வைத்தோம். முந்தைய ரெட்ரோவில் சொன்ன முன்னேற்றங்களில் குறைந்தது ஒன்று ஸ்பிரிண்டில் இருக்க வேண்டும் என்று ஸ்க்ரம் கைடின் 2017 பதிப்பு சொன்னது. 2020-இல் அந்தக் கட்டாயம் போய்விட்டதே என்று யாராவது வருவீர்கள், தெரியும். எங்களுக்குக் கட்டாயம் தேவைப்பட்டது.

இரண்டு நாள் தோண்டியதில், இரண்டு டெஸ்ட்கள் ஒரே சோதனைப் பயனரை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஓடியது தெரிந்தது. ஒன்று அந்தப் பயனரை அழிக்கும், மற்றது தேடும். ஆளுக்கொரு பயனரைக் கொடுத்ததும் அடங்கிவிட்டது.

அப்புறம் அப்ரைசல் வந்தது. "இந்த முறை உங்க ஸ்டோரி பாயிண்ட் குறைவா இருக்கே" என்றார்கள். வேலையின் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்ல வந்த எண்ணை வைத்து ஆளை அளக்கிறார்கள். அந்த டெஸ்ட் டிக்கெட்டுக்குப் பாயிண்டே இல்லை. அது ஃபீச்சர் இல்லையாம்.