பனிப்புயலால் ஒரு வாரம் ஹோம்ஸ்கூலிங் நின்றுபோனால், விட்ட பாடங்களை எப்படி ஈடுகட்டுவது?

ஈடுகட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். கரண்டும் இணையமும் போய் இரண்டு பிள்ளைகளின் ஒரு வாரப் பாடம் நிற்கிறது, சனி ஞாயிறிலும் உட்காரவைத்து முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒருமுறை அப்படி முடிக்கப் பார்த்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2021 பிப்ரவரி. நாங்கள் இருப்பது டெக்சஸில், ஆஸ்டினுக்கு வடக்கே. மகனுக்கு அப்போது 12 வயது, மகளுக்கு 8. வீட்டிலேயே படிக்கவைக்கத் தொடங்கி மூன்றாவது வருடம். இந்த ஊரில் குளிர்காலம் என்றால் இரண்டு ஸ்வெட்டர் போதும். அந்த 14ஆம் தேதி ஞாயிறு இரவு தொடங்கிய பனி, விடிந்து பார்த்தால் ஆறு அங்குலத்துக்கு மேல் கிடந்தது. வெளியே மைனஸ் 14 டிகிரி செல்சியஸ். அதற்குள் நள்ளிரவு தாண்டியே கரண்ட் போயிருந்தது. பகுதி பகுதியாக நிறுத்துகிறார்கள், ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்று நினைத்தோம். புதன் இரவுதான் வந்தது.

அந்த வாரத்துக்கு நான் போட்டிருந்த அட்டவணையில் பாதிக்கு மேல் இணையத்தை நம்பியது. கணக்கு வீடியோக்கள், மகனின் அறிவியல் வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் திரையில்தான். திங்கள்கிழமை பிள்ளைகள் பனியில் விளையாடினார்கள். சரி, ஒரு நாள் லீவு என்று விட்டுவிட்டேன். செவ்வாய் காலை வீட்டுக்குள் 7 டிகிரி. நாலு பேரும் ஒரே அறையில், இருக்கிற போர்வையெல்லாம் போர்த்திக்கொண்டு. அப்போது நான் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். இரண்டாவது நாளும் போய்விட்டால் வாரமே போய்விடும் என்ற பதற்றம்.

மகளுக்குப் பின்னங்கள். ஒரு பக்கம் மட்டும் போடு கண்ணு என்றேன். பென்சில் பிடிக்கக் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது கணக்கில் அழுதுவிட்டாள். "அம்மா, நம்ம வீடு எப்போ சூடாகும்?" என்று கேட்டாள். காலையிலிருந்து அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே பின்னம் போட்டிருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை பயந்துபோய் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்காமல் நான் அட்டவணையைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. புத்தகத்தை மூடினேன். அந்த வாரம் அப்புறம் திறக்கவே இல்லை.

அவள் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் வீடு எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்று பார்க்கலாமே என்று என் கணவர் ஒரு வெப்பமானியை எடுத்து வந்தார். அண்ணனும் தங்கையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளேயும் வெளியேயும் அளந்து நோட்டில் எழுதினார்கள். திங்கள் காலை 16 என்று நாங்கள் பார்த்தது நினைவிருந்தது, அதையும் சேர்த்துக்கொண்டான். ஆரம்பத்தில் கடகடவென இறங்கிய அளவு, போகப்போக மெதுவாக இறங்கியது. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறையக் குறைய வெப்பம் வெளியேறும் வேகமும் குறையும் என்பதை மகன் அந்த நோட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டான். தெற்கு ஜன்னல் பக்கம் மதியத்தில் ஒரு டிகிரி ஏறியதை முதலில் கண்டுபிடித்தது மகள். உடனே எல்லோரும் அந்த ஜன்னலடிக்கு மாறினோம். அவள் முகத்தில் பயம் குறைந்தது அப்போதுதான்.

புதன்கிழமை குழாயில் தண்ணீரும் நின்றது. கழிப்பறைக்கு ஊற்றப் பனியை அள்ளி வந்தோம். எங்கள் அடுப்பு கேஸ் அடுப்பு, தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்கலாம். ஒரு வாளி நிறையப் பனியை உருக்கினால் அடியில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். ஒரு தடவை ஃப்ளஷ் செய்ய ஆறு லிட்டர் வேண்டும். நம் வாளிக்கு மூன்று வாளி என்று கணக்குச் சொன்னது அவள்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து அம்மா போன் செய்தார்கள். பிள்ளைகள் குளிரில் கிடக்கிறார்கள் என்று தவித்துப்போய், "ஏட்டி, கரி அடுப்பைப் பத்தவச்சு ரூமுக்குள்ள வையேன்" என்றார்கள். ஊரில் ஜன்னலும் ஓட்டிடுக்கும் உள்ள வீட்டை நினைத்துச் சொன்னது. இங்கே எல்லா இடுக்கும் அடைத்த வீடு. கரி அடுப்பு, பார்பிக்யூ அடுப்பு, கராஜுக்குள் ஓடும் கார், ஜெனரேட்டர் எதுவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்த வாரம் டெக்சஸில் அப்படியே குடும்பம் குடும்பமாகப் பாதிக்கப்பட்டார்கள், உயிர்களும் போயின. கேஸ் அடுப்பைக்கூடச் சமையலுக்கும் தண்ணீர் காய்ச்சவும் மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டைச் சூடாக்க அதை எரியவிடாதீர்கள். இதை அம்மாவிடம் போனிலேயே மகன் விளக்கினான், தமிழில். "கார்பன் மோனாக்சைடு" என்பதை ஆச்சிக்குப் புரியவைக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. அந்த வாரம் அவன் பேசிய தமிழ், சனிக்கிழமை வகுப்பில் ஒரு மாதத்தில் பேசுவதைவிட அதிகம்.

சாயங்காலம் ஆறரைக்கே இருட்டிவிடும். முட்டை அட்டையில் 12 குழி, இரண்டு கிண்ணம் சேர்த்து 14, குழிக்கு 5 கொண்டைக்கடலை. பல்லாங்குழி ஆடினோம். என் கணவர் பிள்ளைகளுக்கு அதுவரை சொல்லாத தன் ஊர்க் கதைகளையெல்லாம் சொன்னார்.

வியாழன் கொஞ்சம் உருகத் தொடங்கியதும் பக்கத்து வீட்டில் பரணில் போகும் குழாய் வெடித்துக் கூரைப்பலகை விழுந்தது. இங்கே பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் பரண் வழியாகத்தான் போகிறது. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கும் என்பதை மகன் முன்பே படித்திருந்தான். தெருவோர மீட்டர் பெட்டியில் வால்வை எப்படி மூடுவது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான். உங்கள் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிவையுங்கள்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்ன நகர அறிவிப்பு 23ஆம் தேதிதான் விலகியது. 22ஆம் தேதி திங்கள்கிழமை பாடத்தைத் தொடங்கினோம். நின்ற பக்கத்திலிருந்து. சனி ஞாயிறு வகுப்பு வைக்கவில்லை, ஒரு நாளைக்கு இரண்டு பாடம் என்றும் திணிக்கவில்லை. கணக்கு மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. அதில் எதையும் தாண்ட முடியாது. வரலாற்றில் ஒரு அத்தியாயத்தை விட்டுவிட்டோம். அறிவியலில் ஏன் கரண்ட் போனது என்பதையே இரண்டு வாரம் படித்தான். எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையக் கருவிகளும் உறைந்தன, அதே நேரத்தில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடியது, டெக்சஸின் பெரும்பகுதி மின்கட்டமைப்பு தனியாக நிற்பதால் பக்கத்து மாநிலங்களிலிருந்து அதிகம் வாங்க முடியவில்லை. நொடிக்கு 60 சுழற்சி, அதாவது 60 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய மின்கட்டமைப்பு 59.4க்குக் கீழே இறங்கி 9 நிமிடம் நின்றால் மின்நிலையங்கள் தாமாகவே அணையத் தொடங்கும். 15ஆம் தேதி அதிகாலை அந்த ஒன்பது நிமிடத்தில் மிச்சம் இருந்தது 4 நிமிடம் 37 நொடி. எங்களையும் சேர்த்து 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் இருந்தன. மாநில அரசின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். இந்தக் கடைசி எண்ணை நோட்டில் எழுதிவிட்டு அவன் நீண்ட நேரம் பேசவில்லை. அதையும் நான் பாடமாக்கப் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சட்டப்படி நாள் கணக்கு குறைந்துவிடுமோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். டெக்சஸில் 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து வீட்டுக்கல்வி தனியார் பள்ளிக்குச் சமம். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமை ஆகிய ஐந்தும் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும். இத்தனை நாள் என்ற கணக்கு கிடையாது. நியூயார்க் என்றால் கதை வேறு: ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணி நேரம், அதற்கு மேல் 990, காலாண்டுக்கு ஒரு அறிக்கை. பென்சில்வேனியாவில் 180 நாள், அல்லது மணிக்கணக்கு. அந்த மாதிரி மாநிலத்தில் இருந்தால், பனி வாரத்தில் பிள்ளைகள் அளந்தது, வாசித்தது, எழுதியது எல்லாவற்றையும் தேதியோடு அன்றன்றைக்கே குறித்துவையுங்கள். மிச்ச மணி நேரத்தை மே மாதம் வரை தினமும் கால் மணி நேரம் கூட்டியே சேர்த்துவிடலாம்.

எங்கள் வீட்டில் அதற்கப்புறம் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அச்சடித்த கணக்குத் தாள்கள், நூலகத்தில் மலிவாக விற்ற கதைப் புத்தகங்கள், நெற்றியில் மாட்டும் விளக்கு, பேட்டரி ரேடியோ, வெப்பமானி, மரப் பல்லாங்குழி. நவம்பரில் ஒருமுறை திறந்து பேட்டரி மாற்றுவது மகளின் வேலை.