ஐந்து பாடங்களும் பாடபேதமும்

கேள்வி: உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையிலிருந்து இன்றைய இளைஞர்கள் கற்க வேண்டிய ஐந்து பாடங்கள் எவை? (மன்னார்குடி வாசகர்)

பதில்: ஐந்து என்று எண்ணிக் கொடுக்க எனக்கு வராது. ஆனால் உ.வே.சா.வைப் பற்றிக் கேட்கும்போது 'பாடம்' என்ற சொல்லைப் போட்டீர்களே, அது போதும். புகையிலையைப் பாடம் செய்வார்கள். புலித்தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டுவார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல், அவர் கண்மூடிய 1876 வரை உ.வே.சா. பாடம் கேட்டார். சுவடி பதிப்பிப்பவருக்கோ பாடம் என்றால் ஏட்டில் உள்ள வாசகம். ஒரே செய்யுள் ஏட்டுக்கு ஏடு வேறுபட்டால் அது பாடபேதம்.

பழைய ஓலைச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா., தமக்குச் சரி என்று பட்ட பாடத்தை மேலே வைத்தார். மற்றதைத் தூக்கி எறியவில்லை; அடிக்குறிப்பில் கொடுத்தார். நாளைக்கு ஒருவர் வந்து 'கீழே இருப்பதுதான் சரி' என்று சொல்ல இடம் விட்டார். 1894-ல் அவர் பதிப்பித்த புறநானூற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை. பின்பாதியில் பல பாட்டுகள் சிதைந்து, புள்ளி புள்ளியாக நிற்கும். அவரோ செய்யுள் இயற்றத் தெரிந்தவர். நாலு சீர் சொந்தமாகக் கட்டி அந்த ஓட்டையை அடைத்திருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? அடைக்கவில்லை. அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

அப்புறம், அகராதி. இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பல முறை எழுதிச் சண்டையும் வாங்கியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன். நூலை வாங்குவதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்துப் பணம் திரட்டிப் புத்தகம் போட்ட காலத்து மனிதர், தம் பதிப்புகளில் அருஞ்சொற்களுக்கு அகராதி சேர்த்தார். நூலாசிரியர் வரலாறு எழுதினார். ஏடு கொடுத்தவர்களின் பெயரை முகவுரையில் நன்றியோடு சொன்னார். இன்று கணினி இருக்கிறது. ஆனாலும் 700 பக்க வரலாற்று நூல் வருகிறது, கடைசியில், எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் ஒரு சொல்லடைவு கிடையாது. அப்படி ஒரு நூலை வெளியிட்ட பதிப்பாளரிடம் கேட்டேன். "ஒரு ஃபாரம் கூடிவிடுமே சார்" என்றார். ஒரு ஃபாரம் என்பது 16 பக்கம். அந்த நூலில் ஓர் ஊர்ப் பெயரைத் தேட எனக்கு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அந்தப் பதிப்பாளர் இதைப் படிப்பார் என்று தெரியும். அடுத்த பதிப்பில் அந்த 16 பக்கத்தை ஒதுக்குங்கள், ஐயா. அடைவை நானே தயார் செய்து தருகிறேன், கூலி வேண்டாம்.