பச்சை, மஞ்சள், சிவப்பு: வங்கிக்கார அக்காவிடம் கேளுங்கள்

வங்கியில் கடன் கோப்பு பார்ப்பதுதான் என் வேலை. எந்தப் பங்கு ஏறும் என்று என்னிடம் கேட்காதீர்கள். பசுமைக் கடன், பசுமை முதலீடு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்; கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் வசிக்கும் வட்டாரம். சரி, தொடங்கலாம்.

ஈசூன்: பசுமை வகைப்பாடு என்கிறார்களே, அது என்ன அக்கா?

எந்த வேலைக்குப் ‘பசுமை’ என்று சொல்லிப் பணம் திரட்டலாம் என்று வரையறுக்கும் பட்டியல். நம்முடையது சிங்கப்பூர்-ஆசிய வகைப்பாடு. நாணய ஆணையம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. எரிசக்தி, கட்டடம், போக்குவரத்து என 8 துறைகள். அளவுகோலில் தேறினால் பச்சை. இன்னும் தேறவில்லை, ஆனால் மாறிக்கொண்டிருக்கிறது என்றால் மஞ்சள். மற்றதெல்லாம் சிவப்பு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நிறம் வேலைக்குத்தான், கம்பெனிக்கு இல்லை.

துவாஸ்: எனக்கு 6 டீசல் லாரி. புதிதாக 2 மின்சார லாரி வாங்குகிறேன். ‘பசுமைக் கம்பெனி’ என்று போர்டு வைக்கலாமா?

வைக்காதீர்கள். மின்சார லாரி புகை விடாது, அதற்கான கடன் பச்சைக்குப் போகும். பழைய 6 லாரிக்கு அந்த நிறம் ஒட்டாது. இப்படித்தான் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. அட்டையில் பெரிய இலைப் படம். உள்ளே விலைப்பட்டியலின் மூன்றாவது வரியில் ஒரு டீசல் ஃபோர்க்லிஃப்ட்! அந்த ஒரு வரியை மட்டும் பிரித்துச் சாதாரணக் கடனில் போட்டோம்.

தெம்பனீஸ்: எந்தப் பசுமை முதலீட்டு நிதியில் பணம் போடலாம்?

எதை வாங்கலாம் என்று கேட்காதீர்கள் எனத் தொடக்கத்திலேயே சொன்னேனே. ஆனால் ஒன்று: பொதுமக்களுக்கு விற்கும் இத்தகைய நிதி, குறைந்தது மூன்றில் இரண்டு பங்குச் சொத்தையாவது தான் அறிவித்த உத்திப்படி முதலீடு செய்ய வேண்டும். 2023 ஜனவரி முதல் இதுதான் நடைமுறை. மிச்சம் எங்கே போகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

ஜூரோங்: நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு இயற்கை எரிவாயு. நிலக்கரியைவிடச் சுத்தம். அதற்கு ஏன் பச்சை இல்லை?

நல்ல கேள்வி ஐயா. நிலக்கரியைவிடச் சுத்தம் என்பது சரி, ஆனால் பச்சைக்கு அது போதாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 100 கிராம் கரியமில வாயு என்பதுதான் பச்சைக் கோடு; எரிவாயுவைத் தோண்டி, குழாயில் கொண்டுவந்து, எரிப்பது வரை எல்லாம் அதில் அடக்கம். நம் மின்கட்டமைப்பின் சராசரியோ 400 கிராமை ஒட்டி நிற்கிறது, அதுவும் எரிப்பதை மட்டும் கணக்கிட்டு. வழியில் கசியும் மீத்தேன் தனி.

ஜூரோங் (மறுபடி): ஐரோப்பாவே எரிவாயுவைச் சேர்த்துக்கொண்டதே!

சேர்த்தார்கள், 2022-இல், பெரிய சண்டைக்குப் பிறகு. அணுசக்தியும் கூடவே நுழைந்தது. ஆனால் எரிவாயுவுக்கு 270 கிராம் என்ற வரம்பு, அல்லது ஆண்டுக் கணக்கில் ஓர் உச்சவரம்பு. புது நிலையமென்றால் 2030-க்குள் அனுமதி வாங்க வேண்டும், பழைய அழுக்கு நிலையம் ஒன்றின் இடத்தில் வர வேண்டும். “ஐரோப்பா சரி என்றது” என்று விற்பவர்கள் இதையெல்லாம் விழுங்கிவிடுகிறார்கள்.

ஆங் மோ கியோ: இருவருக்கும் இடையில் வருகிறேன். அக்கம்பக்கத்து நாடுகள் நிலக்கரியில் ஓடும்போது இந்தக் கிராம் கணக்கு எதற்கு?

அதற்காகவேதான். நிலக்கரி ஆலையை முன்கூட்டியே மூடச் செலவிடும் பணத்துக்கும் நம் வகைப்பாட்டில் நிபந்தனைகளோடு இடம் இருக்கிறது. ஐரோப்பியப் பட்டியலில் மஞ்சளே இல்லை. ஆசியாவுக்கு அது இல்லாமல் வண்டி ஓடாது. ஆனால் மஞ்சளுக்குக் காலக்கெடு உண்டு. கெடு எழுதாத மஞ்சளை நம்பாதீர்கள்.

பொங்கோல்: எந்தப் பசுமைக் கடன்பத்திரம் வாங்கலாம்?

தெம்பனீஸுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பீஷான்: அரசாங்கமே பசுமைப் பத்திரம் விற்றதாமே?

ஆமாம், 2022 ஆகஸ்ட்டில். 240 கோடி வெள்ளி, 50 ஆண்டுகள். ஜூரோங் வட்டாரப் பாதை, குறுக்குத் தீவுப் பாதை போன்ற ரயில் வேலைகளுக்கு. 2072-இல்தான் போட்ட பணம் திரும்பும். அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று யோசித்து வாங்கியிருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ்: இந்தியாவில் இப்படி ஒரு வகைப்பாடு உண்டா?

2025 மே மாதம் நிதி அமைச்சு வரைவு வெளியிட்டது.

செங்காங்: எங்கள் கம்பெனி பசுமைக் கம்பெனியா, எப்படிப் பார்ப்பது?

கம்பெனிக்கு நிறம் இல்லை! துவாஸ் லாரிக்காரரிடம் கேளுங்கள், அவர் சொல்வார்.

ஜூரோங்: எரிவாயு விஷயத்தில் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தெரியும் ஐயா. தே தாரிக் என் செலவு, 100 கிராம் கோட்டை மட்டும் நகர்த்த மாட்டேன்.